வாயிற்கூட்டத்தில் என் மகள்

1

தனசேகர் நேற்று ஒரு படம் அனுப்பினான். அம்பத்தூரில் ஒரு டீக்கடைக்கு மேலே கட்டிய ஃப்ளெக்ஸ். நடுவில் என் மகள் கயல், குளிர்கோட்டும் கழுத்தில் சுற்றிய கம்பளியுமாக. மேலே கொட்டை எழுத்தில் ‘அயல்நாட்டில் அமைச்சராகி ஓராண்டு கண்ட அம்பத்தூர் மண்ணின் மகளே, வாழ்க!’ மூலையில் என் பாஸ்போர்ட் படம். பாஸ்போர்ட் படத்தில் சிரிக்கக் கூடாது என்பது இங்கே விதி. அதனால் ஃப்ளெக்ஸில் நான் யாரையோ முறைத்துக்கொண்டிருக்கிறேன். கீழே தனசேகர் கைகூப்பி நிற்கிறான், என்னைவிடப் பெரிய சைஸில்.

“இன்னாடா, என்னைவிட நீ பெருசா கீற?” என்று போனில் கேட்டேன்.

“துட்டு குட்த்தது நானு. மந்திரிக்கு அப்பன்னா சும்மாவா? மூலைல ஒரு எடம் குட்த்தேனே, அதுக்கே நீ சந்தோஷப்படணும் மச்சான்” என்றான்.

தனசேகரும் நானும் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரே பட்டறையில் லேத்தில் கடைசல் பிடித்தவர்கள். நான் யூனியன் செயலாளர், அவன் செயற்குழு உறுப்பினர். பட்டறை மூடிய பிறகு நான் மனைவி வசந்தாவையும் கயலையும் கூட்டிக்கொண்டு கனடா வந்துவிட்டேன். அவன் திருநின்றவூரில் மனை வாங்கி வீடு கட்டிக்கொண்டான். பட்டறை இருந்த இடத்தில் இப்போது கண்ணாடி போட்ட ஐ.டி. கட்டடம் நிற்கிறதாம், அவன் மகன் அதிலேயே வேலை பார்க்கிறானாம்.

கயல் இங்கே ஒரு மாகாணத்தில் தொழிலாளர் துறை அமைச்சர். எந்த மாகாணம் என்று எழுத மாட்டேன், எழுதினால் கோபித்துக்கொள்வாள். ஊரிலிருந்து தினம் போன் வருகிறது. “மாமா, பாப்பா கிட்ட சொல்லி ஒரு விசா போட்டுக் குடுங்க.” விசா மத்திய அரசின் வேலை, மாகாண மந்திரிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று சொன்னால் யார் நம்புகிறார்கள்? மந்திரிக்குச் செய்ய முடியாத காரியமும் உலகத்தில் உண்டா என்று கேட்கிறார்கள். ஆவடியிலிருந்து ஒருவர் நேராகவே திட்டிவிட்டார், எனக்குத் தலைக்கனம் வந்துவிட்டதாம். தலைக்கனம் வந்தது உண்மைதான். ஆனால் விசாவுக்காக இல்லை ஐயா.

அது எதற்காக என்று சொல்லத்தான் இந்தக் குறிப்புகள். மந்திரி என்றால் யார், அவள் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும், எதைச் சொல்லவே கூடாது என்பதெல்லாம் இந்த ஒரு வருடத்தில் எனக்கு நன்றாகவே புரிந்தது. புரிவதற்கு முன் பெற்ற மகளோடு பேச்சு வார்த்தையும் நின்றுபோனது.

2

பதவியேற்பு நாளில் வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. நான் வேட்டிதான் கட்டுவேன் என்று பிடிவாதம் பிடித்து, உள்ளே கம்பளிக் கால்சட்டை போட்டு மேலே வேட்டி கட்டிக்கொண்டேன். பையில் இரண்டு பொன்னாடை, இரண்டு எலுமிச்சம்பழம். நம்மூரில் ஒரு கவுன்சிலரைப் பார்க்கப் போனால்கூட வெறுங்கையோடு போவோமா?

ஆளுநர் மாளிகையில் எல்லாரும் ஒரு வயதான அம்மையாரைப் பார்த்துக் குனிந்து வணங்கினார்கள். மார்பில் பதக்கம், பக்கத்தில் வாள் தொங்க ஒரு ராணுவ அதிகாரி. இவர்தான் எல்லாருக்கும் மேல் என்று முடிவு கட்டி, நேராகப் போய்ப் பொன்னாடையை அவர் தோளில் போர்த்தி எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்துவிட்டேன். ராணுவ அதிகாரி ஒரு எட்டு முன்னால் வந்தார்.

அந்த அம்மையார் நல்ல மனுஷி. வாய்விட்டுச் சிரித்தார். தேநீர் முடியும் வரை பொன்னாடையைக் கழற்றவும் இல்லை. என் மகள்தான் தலையில் கை வைத்துக்கொண்டு, “இன்னாபா இது!” என்று பல்லைக் கடித்தாள்.

கயலின் தமிழ் இதுதான். சின்ன வயதில் ஊரை விட்டு வந்தவள். மேடையில் கண்ணாடி மாதிரி இங்கிலீஷ் பேசுவாள். தமிழ் மட்டும் அந்த வயசோடு அம்பத்தூரிலேயே நின்றுவிட்டது. தொழிலாளர் சட்டத்தைப் பற்றித் தமிழில் ஒரு வாக்கியம் சொல்லத் தெரியாது. கோபம் வந்தால் “உட்டுடுப்பா” என்பாள். தமிழ்ப்புத்தகம் வாங்கிக் கொடுத்தால் அட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு வைத்துவிடுவாள். வசந்தாவுக்கு இதில் வருத்தம் உண்டு. எனக்கும் உண்டு, வெளியே காட்டிக்கொள்வதில்லை.

முதல்வர் தோளுக்கென்று இன்னொரு பொன்னாடை வைத்திருந்தேன். வசந்தா பையையே பிடுங்கிக்கொண்டாள். “போதுங்க. ஒரு ஆளுக்குப் போத்தினதே போதும்.”

அங்கே உட்கார்ந்து பார்த்தபோது எனக்கு எங்கள் யூனியனின் கௌரவத் தலைவர் நினைவுக்கு வந்தார். ஹைகோர்ட் வக்கீல். பொதுக்குழுவுக்கு வருவார், மாலை போட்டுக்கொள்வார், நாங்கள் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவார். எல்லாக் கடிதமும் அவர் பெயரில்தான் போகும். கூலி உயர்வு எவ்வளவு கேட்பது, எப்போது வேலையை நிறுத்துவது என்று முடிவு செய்வது செயற்குழு. ஆளுநரும் அப்படித்தான். அரசாங்கமே அவர் பெயரில் நடக்கிறது. முடிவு மட்டும் மந்திரிசபையுடையது. நான் பொன்னாடை போர்த்தியது கௌரவத் தலைவருக்கு! அதில் தப்பு ஒன்றும் இல்லை, அதற்குத்தானே அவர்களை வைத்திருக்கிறோம்.

சட்டசபையில் யார் பக்கம் கை அதிகமோ அவர் முதல்வர். தன்னோடு உட்கார்ந்திருக்கும் உறுப்பினர்களிலிருந்தே மந்திரிகளை அவர் பொறுக்கி எடுக்கிறார். மந்திரி ஆனபிறகும் அவர்கள் சபை உறுப்பினர்கள்தான், அதே சபைக்குத்தான் பதில் சொல்ல வேண்டும். பட்ஜெட்டில் சபை கைவிட்டால் ஒருவர் பாக்கியில்லாமல் மொத்தப் பேரும் பதவியிழக்க வேண்டியதுதான். எங்கள் செயற்குழுவும் அப்படித்தான் இருந்தது, பொதுக்குழு நினைத்தால் ஒரே சாயங்காலத்தில் எங்களை இறக்கிவிடும். இங்கே மந்திரிசபைக்குச் சட்டத்தில் இருக்கும் பெயரும் கிட்டத்தட்ட செயற்குழு என்றே அர்த்தமாகும் என்று கயல் சொன்னபோது, எனக்கு மீசை முறுக்கத் தோன்றியது. மீசை இல்லை, முகத்தைத் தடவிக்கொண்டேன்.

அன்று அவள் எடுத்த உறுதிமொழிகளில் ஒன்று ரகசியக் காப்பு. உள்ளே பேசியதை வெளியே மூச்சு விடக் கூடாது. காரில் வரும்போது சொன்னாள்: “அப்பா, இனிமே உள்ள இன்னா நடந்துச்சுன்னு நீ கேக்கக்கூடாது. நானும் சொல்ல மாட்டேன். சரியா?”

“யாருகிட்டம்மா சொல்ற? நான் யூனியன் செயலாளர். ஒங்கம்மாகிட்டயே எதையும் சொன்னதில்ல” என்றேன்.

“ஆமா, அதுக்குத்தான் நான் அழுதுகினே கெடந்தேன்” என்றாள் பின் சீட்டிலிருந்து வசந்தா.

3

மந்திரிக்கு அப்பா என்றால் சைரன் வைத்த கார், வாசலில் போலீஸ், காலையில் மனு கொடுக்க நூறு பேர் என்று நினைக்கிறீர்கள் அல்லவா? மகள் தன் காரைத் தானே ஓட்டிக்கொண்டு வருகிறாள். பனியையும் தானே சுரண்டுகிறாள். ஒருநாள் எங்கள் தெரு விளக்கு எரியவில்லை என்று அவளுக்குச் சாம்பார் ஊற்றும்போது சொன்னேன். “அது முனிசிபாலிட்டிப்பா” என்றாள். சரி, இங்கே நான் வேலை பார்த்த கம்பெனியின் பென்ஷன் விஷயம் ஒன்று இருக்கிறதே, அது உன் துறைதானே என்றேன். சாதத்தைப் பிசைவதை நிறுத்திவிட்டாள்.

“சாப்பாட்டு மேசைல வாணாம். வெள்ளிக்கெழமை தொகுதி ஆபீஸ் தொறந்து கீது. அங்க குடு.”

போனேன். வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு கிழவர், பின்னால் கைக்குழந்தையோடு ஒரு பெண். உள்ளே இருந்த பையன் என் பெயரைக் கேட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தான். பார்த்துவிட்டு, “உங்கள் விஷயத்தை அமைச்சர் பார்க்க முடியாது, உறவுக்காரர் ஆயிற்றே. வேறு ஒருவரிடம் அனுப்புகிறேன்” என்றான். மந்திரிக்கு அப்பனாக இருப்பதால் கிடைத்த ஒரே சலுகை இது, மற்றவர்களைவிட எனக்குத் தாமதமாக நடக்கும்.

அந்த ஆபீசுக்குப் போக ரயில் பாதையைத் தாண்ட வேண்டும். எங்கள் சிற்றூரை ரயில் பாதை இரண்டாகப் பிளக்கிறது. ஆஸ்பத்திரி, கடைத்தெரு எல்லாம் அந்தப் பக்கம். எங்கள் தெருக்கள் இந்தப் பக்கம். இங்கே கூட்ஸ் வண்டிகள் நீளமானவை, சில சமயம் கேட்டுக்குக் குறுக்கே நின்றேவிடும். கேட் மூடியிருந்தால் வசந்தா கண்ணை மூடிக்கொள்வாள். அதற்குக் காரணம் உண்டு. கயலுக்கு சின்ன வயதில் வீசிங். ஒருநாள் மூச்சு இழுத்துக்கொண்டு உதடு நீலம் பாய, ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஓடினோம். அம்பத்தூர் ரயில்வே கேட் மூடிவிட்டது. கூட்ஸ் வண்டி வந்து நின்றுவிட்டது. வசந்தா இறங்கி கேட்டைப் பிடித்து உலுக்கினாள். கயல் என் சட்டைக் காலரைப் பிடித்திருந்த பிடியை நான் இன்னும் மறக்கவில்லை. ஆண்டவன் புண்ணியத்தில் பிழைத்தாள். அதன்பிறகு வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசியதே கிடையாது.

சட்டசபைக்கும் ஒருநாள் போய் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்தேன். கேள்வி நேரம். எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் எழுந்து என் மகளைக் கிழி கிழி என்று கிழித்தார். எனக்கு ரத்தம் கொதித்தது. அவள் எழுந்தாள், காகிதத்தைப் பார்க்காமல் பதில் சொன்னாள். தொழிற்சாலைப் பரிசோதனை ஒன்று தாமதமாகிவிட்டது, அதைப் பற்றித்தான் கேள்வி. தாமதித்தது யாரோ ஒரு அதிகாரி. அவர் பெயரை இவள் சொல்லவே இல்லை. “என் துறை தாமதித்தது. பொறுப்பு என்னுடையது. இந்த மாதத்துக்குள் முடிப்பேன்” என்றாள். கீழே வந்தால் அதே எதிர்க்கட்சிக்காரர் அவளுக்குக் காப்பி வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்! இவருக்கு நான் மனசுக்குள் விட்ட சாபமெல்லாம் வீணாகிப்போனது.

“தப்பு பண்ணது வேற ஆளு. நீ ஏம்மா திட்டு வாங்குற?” என்றேன்.

“அதுக்குத்தான்பா சம்பளம்” என்றாள்.

4

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு அவசர சிகிச்சைப் பிரிவு உண்டு. அதை மூடிவிடுவார்கள் என்று தேர்தலுக்கு முன்பே பேச்சு. கயலுக்கு வாக்குக் கேட்டு வீடு வீடாகப் போனது நான். முழங்கால் பனியில், என் உடைந்த இங்கிலீஷை வைத்துக்கொண்டு கதவு கதவாகத் தட்டி, “என் மகள் மூட விட மாட்டாள்” என்று சொன்னேன். கயல் அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. “முயற்சி செய்வேன்னு சொல்லுப்பா” என்றுதான் சொன்னாள். முயற்சி என்று சொன்னால் எவன் ஓட்டுப் போடுவான்? நான் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னேன். எதிர் வீட்டுக்காரர் டக், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இதய நோயாளி. என் கையைப் பிடித்துக்கொண்டு, “உன் வார்த்தையை நம்புகிறேன்” என்றார். இந்த நாட்டில் என் வார்த்தையை நம்பி ஒருவர் ஓட்டுப் போட்டது எனக்குப் பெரிய விஷயம்.

இலையுதிர் காலத்தில் பேச்சு மறுபடி கிளம்பியது. பிரிவையே மொத்தமாக மூடப்போகிறார்களாம், டாக்டர்கள் கிடைக்கவில்லையாம். மந்திரிசபையில் பேசுகிறார்களாம். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்த கயலிடம் கேட்டேன்.

“மூடப்போறாங்களா?”

ரசத்தைக் குடித்தாள்.

“கேக்குறேன்ல?”

“அம்மா, ரசம் சூப்பரா கீது” என்றாள்.

அவள் முகம் வாடியிருந்தது. கண்ணுக்குக் கீழே கருத்துப்போயிருந்தது. உள்ளே ஏதோ பெரிய சண்டை நடக்கிறது என்று செயலாளராக இருந்த எனக்குத் தெரியாதா? ஆனால் கேட்டால் சொல்ல மாட்டாள். கேட்க மாட்டேன் என்று நானும் வாக்குக் கொடுத்திருந்தேன்.

அடுத்த வாரம் ரேடியோவில் சொன்னார்கள். எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவு பகலில் மட்டும் இயங்கும், இரவில் மூடப்படும், மந்திரிசபை ஒருமனதாக முடிவு செய்திருக்கிறது. ஒருமனதாக! அந்த வார்த்தையோடு ரேடியோவை அணைத்துவிட்டேன். மீதியைக் கேட்கவில்லை. அப்படியென்றால் என் மகளும் கை தூக்கியிருக்கிறாள். பிடிக்கவில்லை என்றால் ராஜினாமா செய்துவிட்டு வெளியே வந்திருக்கலாமே? நாற்காலி அவ்வளவு இனிக்கிறதா?

மறுநாள் குப்பைத் தொட்டியை வெளியே வைக்கும்போது டக்கும் வெளியே வந்தார். வழக்கமாகக் கையாட்டுவார். அன்று என்னைப் பார்த்தார், பார்த்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். செருப்பால் அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

கயல் போன் செய்தாள். எடுக்கவில்லை. மறுபடி செய்தாள். “அப்பா குளிக்கிறாரு” என்றாள் வசந்தா. நான் அந்த வாரம் முழுக்கக் குளித்துக்கொண்டே இருந்தேன்.

5

தனசேகர் வீடியோவில் வந்தான். பின்னால் திருநின்றவூர் வெயில். வசந்தாதான் அவனிடம் சொல்லியிருக்கிறாள் என்று முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது.

“இன்னா நைனா, பொண்ணாண்ட பேசறதில்லியாமே?”

“என்னைப் பொய்யனாக்கிட்டாடா. ஊரே காறித் துப்புது. உள்ள கை தூக்கிட்டு, வெளில வந்து வாயத் தொறக்க மாட்டேங்குறா.”

“வெளில வந்து இன்னா சொல்லணும்? நானு வாணான்னு சொன்னேன், அவுனுங்கதான் கேக்கல, அப்டின்னா?”

“ஆமா.”

“மச்சான், நம்ம ஸ்டிரைக்கு மறந்துபூட்ச்சா?”

மறக்கவில்லை. உங்களுக்குத்தான் சொல்ல வேண்டும். எங்கள் பட்டறையில் ஒரு நீண்ட வேலைநிறுத்தம். நாங்கள் கேட்டதில் பாதி கொடுக்க நிர்வாகம் இறங்கி வந்தது. செயற்குழு கேன்டீன் பின்னறையில் கூடியது. நான் ஒத்துக்கொள்ளலாம் என்றேன், அடுப்பு எரியாத வீடுகள் இருந்தன. தனசேகர் கூடவே கூடாது என்று மேசையைக் குத்தினான். என்னைத் துரோகி என்றே சொன்னான். ஓட்டெடுத்தோம். அவன் தோற்றான்.

எங்கள் யூனியனில் ஒரு வழக்கம். உள்ளே எவன் அதிகமாக எதிர்த்தானோ, அவன்தான் வாயிற்கூட்டத்தில் முடிவை அறிவிக்க வேண்டும். கேட்டுக்கு வெளியே ஸ்டூல் போட்டு ஏறி, அது தன் சொந்த முடிவு மாதிரியே பேச வேண்டும். ஜெயித்தவன் பேசினால் நிர்வாகத்துக்கு விலைபோய்விட்டான் என்பார்கள். தோற்றவன் பேசினால்தான் கமிட்டி உடையவில்லை என்று தொழிலாளிக்கும் தெரியும், முதலாளிக்கும் தெரியும். தனசேகர் ஸ்டூலில் ஏறினான். ஒத்துக்கொள்வோம் என்று தொண்டை கிழியப் பேசினான். அவனுடைய சொந்த மைத்துனனே மண்ணை வாரி அவன்மேல் இறைத்தான். துடைத்துக்கொண்டு பேசினான். நான் எதிர்த்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தோளில் தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள். சொல்லவில்லை.

“அந்த ஒப்பந்தத்துல, வேலையவுட்டுத் தூக்குன ரெண்டு பேரத் திரும்பச் சேக்கணும்னு ஒரு வரி வந்திச்சே, அது யாரு போட்டது?” என்று கேட்டான் தனசேகர்.

“நீதான். தோத்த பிறகும் உக்காந்து சண்ட போட்டு அந்த வரியச் சேத்த.”

“யாருக்குத் தெரியும்?”

“உள்ள இருந்த நமக்குத்தான்.”

“அந்த ரெண்டு பேருக்கே தெரியாது மச்சான். ஒர்த்தன் சாகற வரிக்கும் என்னப் பாத்தா மூஞ்சத் திருப்பிக்கினு பூடுவான். நானு இன்னா, அவன் ஊட்டாண்ட போயி சொன்னேனா?” பிறகு சத்தம் போட்டான். “ஒம் பொண்ணு எங்க கத்துக்கினா இதெல்லாம்? அந்த கேட்டாண்ட ஒன் தோள்ல குந்திகினு எம் பேச்சக் கேட்டவதான அவ? போனை எடுத்துப் பேசுய்யா, ரொம்பத்தான் பண்ற!”

நான் அவளுக்குப் போன் செய்யவில்லை. எனக்கு ரோஷம் அப்போதும் அடங்கவில்லை. உண்மையைச் சொன்னால், அவனை அந்த ஸ்டூலில் ஏற்றியபோது நான் பெருமைப்பட்டேன். அடி என் வீட்டின் மேல் விழுந்ததும் நியாயம் கேட்கிறேன். மனுஷ புத்தி.

6

ஊர் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். ஆஸ்பத்திரி சுகாதாரத் துறை மந்திரியின் பொறுப்பு, அவர்தான் வந்து விளக்குவார் என்று எல்லாரும் நினைத்தோம். கதவு திறந்தது. தனியாக வந்தது கயல்.

வசந்தா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மேடையேறி மைக்கைச் சரிசெய்தாள். இரவில் பிரிவு மூடப்படும் என்று சுற்றி வளைக்காமல் சொன்னாள். இரவு டாக்டர்கள் இல்லாமல் கதவை மட்டும் திறந்து வைப்பது ஏமாற்று, நம்பி வருகிறவர் அங்கேயே இறந்துபோவார் என்றாள். கூச்சல் கிளம்பியது. முதல் வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். “உள்ளே நீங்கள் இதற்கு ஒத்துக்கொண்டீர்களா? ஆமாம், இல்லை என்று மட்டும் சொல்லுங்கள்.”

“இது அரசாங்கத்தின் முடிவு. நான் அந்த அரசாங்கத்தில் இருக்கிறேன். இதற்கு நானும் பொறுப்பு.”

டக் எழுந்தார். “உன் அப்பா என் வீட்டு வாசலில் நின்று வாக்குக் கொடுத்தார்.”

மண்டபமே என் பக்கம் திரும்பியது. எனக்கு நிலம் பிளக்கக் கூடாதா என்றிருந்தது. கயலும் என்னைப் பார்த்தாள். பிறகு டக்கைப் பார்த்துச் சொன்னாள்: “என் அப்பா பொய் சொல்லவில்லை. அவர் நம்பியதைச் சொன்னார். எனக்காகச் சொன்னார். அதற்குப் பதில் சொல்ல வேண்டியது நான், அவர் இல்லை. கோபத்தை என்மேல் காட்டுங்கள்.”

காட்டினார்கள். ஒருவர் வெட்கமில்லையா என்றார். ஒருவர் அடுத்த தேர்தலில் பார் என்றார். அவர்கள் இறைத்ததையெல்லாம் துடைத்துக்கொண்டு அவள் பேசினாள். என் கண்ணுக்கு அந்த மேடை ஸ்டூலாகத் தெரிந்தது.

பிறகு ஒரு வரைபடத்தைத் திரையில் போட்டாள். ரேடியோவை அணைத்துவிட்டதால் நான் கேட்காமல் போன பாதி அதுதான். இதுவரை ஆம்புலன்ஸ் ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. இனிமேல் இரவு முழுக்க ஒரு ஆம்புலன்ஸ், மருத்துவப் பயிற்சி பெற்ற ஆட்களோடு, ரயில் பாதைக்கு இந்தப் பக்கம், எங்கள் தெருக்களை ஒட்டிய தீயணைப்பு நிலையத்தில் நிற்கும். அங்கிருந்து நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு நெடுஞ்சாலை. நடுவே ரயில்வே கேட் கிடையாது.

வசந்தா என் கையை நசுக்கினாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. எனக்கும் புரிந்துவிட்டது. தலைநகரத்தில் உட்கார்ந்து கோடு போடும் எந்த அதிகாரிக்கு எங்கள் ஊர் கேட்டைப் பற்றித் தெரியும்? அம்பத்தூரில் கூட்ஸ் வண்டி குறுக்கே நிற்க, மூச்சுக்குத் தவித்துக்கொண்டு கேட்டுக்கு இந்தப் பக்கம் கிடந்தவள் அந்த மந்திரிசபையில் ஒருத்திதான். மொத்தமாக மூட இருந்ததை இரவு மட்டும் என்று இறக்கி, அதிலும் இந்த வரியைச் சேர்த்தது யார் என்று எனக்கு எவரும் சொல்லத் தேவையில்லை.

எழுந்துவிட்டேன். “உக்காருங்க” என்று வசந்தா வேட்டியைப் பிடித்து இழுத்தாள். உட்காரவில்லை.

“மேடம் மினிஸ்டர்” என்றேன். என் இங்கிலீஷுக்கு இரண்டு பேர் சிரித்தார்கள். “ஆம்புலன்ஸை இந்தப் பக்கம் நிறுத்த வேண்டும் என்று கேட்டது யார்?”

ஒரே ஒரு வார்த்தை. நான் என்று சொன்னால் போதும். இந்த மண்டபம் அடங்கிவிடும், டக் கைகொடுப்பார், அடுத்த தேர்தலும் ஜெயித்த மாதிரிதான். அந்த வார்த்தையை அவள் வாயில் போடத்தான் எழுந்தேன். அப்பன் இல்லையா?

கயல் என்னை நேராகப் பார்த்தாள்.

“அது மந்திரிசபையின் முடிவு, ஐயா” என்றாள்.

நான் உட்கார்ந்தேன். சட்டைப்பையில் கைக்குட்டையைத் தேடினேன், கிடைக்கவில்லை. வசந்தா முந்தானையைக் கொடுத்தாள்.

கூட்டம் முடிந்ததும் கயல் வீட்டுக்கு வந்து சாப்பிட்டாள். நான் என் கையாலேயே மோர் ஊற்றினேன்.

“வாயிற்கூட்டத்துல நல்லாப் பேசினம்மா” என்றேன்.

“தனசேகர் மாமா மாரியா?” என்றாள்.

அவ்வளவுதான். அதற்கு மேல் அவளும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தமிழ்ப்புத்தகத்தை அவள் பிரிக்காவிட்டால் போகிறது, எங்கள் பட்டறை கேட்டில் கேட்டது அவளோடு இருக்கிறது. ஊர்க்காரர்களே, எனக்குத் தலைக்கனம் வந்தது அன்றைக்குத்தான். நான் இங்கே எழுதியிருப்பதுகூட என் ஊகமே தவிர அவள் சொன்னதில்லை, யாரும் கொண்டுபோய் அவளிடம் மூட்டிவிடாதீர்கள்.

பனிக்காலத்தில் ஒருநாள் நடுராத்திரி டக்குக்கு நெஞ்சுவலி வந்தது. கேட்டில் கூட்ஸ் வண்டி குறுக்கே நின்றுகொண்டிருந்தது. ஆம்புலன்ஸ் இந்தப் பக்கத்திலிருந்தே வந்து அவரை ஏற்றிக்கொண்டு போனது. போன வாரம்தான் வீடு திரும்பினார். இளைத்துப்போயிருக்கிறார். தடியை ஊன்றிக்கொண்டு மெதுவாகத் தெருவைக் கடந்து என் வாசலுக்கு வந்தார்.

“ஏகாம்பரம்” என்றார். என் பெயரை அவர் சரியாகச் சொன்னது அதுதான் முதல்தடவை. “அந்த ஆம்புலன்ஸ். அது உன் மகள் செய்த வேலைதானே?”

எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. தெருவெல்லாம் ஃப்ளெக்ஸ் கட்ட வேண்டும் போலிருந்தது. தொண்டை வரைக்கும் வந்துவிட்டது.

“அது மந்திரிசபையின் முடிவு” என்றேன்.